முட்டை அட்டைக் கோழியும் சிவப்பு அம்பும்

கடந்த வாரம் என் மகளுக்கு வாங்கிய பனியனின் தோள் தையல் அருகே, விரல் நகத்தைவிடச் சிறிய சிவப்புக் காகித அம்பு ஒன்று ஒட்டியிருந்தது. ஏற்றுமதியில் மிஞ்சிய ஆடைகளை விற்கும் அவிநாசிக் கடை ஒன்றில் எடுத்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் அதை உரித்துத் தன் கன்னத்தில் ஒட்டிக்கொண்டாள். "அம்மா, அழகா இருக்குதுங்களா?" என்றாள். தேவைக்கு மேல் வேகமாக அதைப் பிய்த்தேன். தைத்து முடித்த ஆடைகளைச் சோதிக்கும் பெண்கள், தையல் விலகிய இடத்திலும் கறை பட்ட இடத்திலும் ஒட்டும் அம்பு அது. இங்கே குறை இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் கிடையாது. அழத் தயாரான மகளின் முகத்தைப் பார்த்தபோது எனக்குப் பெரிய டீச்சரின் நினைவு வந்தது.

சமூகப்பணிப் பட்டம் பெற்ற கையோடு நான் சேர்ந்த முதல் வேலை, நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தில். மேல்தளத்தில் தாய்மார்கள் வேலை செய்வார்கள்; கீழே அவர்களுடைய பள்ளி வயதை எட்டாத பிள்ளைகள் எங்கள் பொறுப்பில் இருப்பார்கள். காப்பகத்தின் பொறுப்பாளரான பெரிய டீச்சர் பிள்ளை வளர்ப்பைப் படித்து வந்தவர் அல்லர். ஆடைகளைச் சோதிக்கும் செக்கிங் மேசையில் பல வருடங்கள் நின்று, சூப்பர்வைசராகி, இடுப்பு வலி வந்தபின் காப்பகத்துக்கு மாற்றப்பட்டவர். அவர் ஒரு குழந்தையையும் அடித்ததில்லை. மூக்கைத் துடைத்துவிடுவார், சோறு ஊட்டுவார், எந்தப் பிள்ளைக்கு முட்டையின் மஞ்சள் கரு பிடிக்காது என்பதும் அவருக்குத் தெரியும். அவரைக் கொடியவர் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட முடியாமல் இருப்பதற்கு இவையெல்லாம் காரணம்.

அந்த ஆண்டு மாசி முடியும் வேளையில் கம்பெனிக்கு ஒரு செய்தி வந்தது. ஆர்டர் தரும் வெளிநாட்டுக்காரர்கள், எல்லோர் வாயிலும் 'பையர்', நேரில் வரப்போகிறார்கள், காப்பகத்தையும் பார்ப்பார்கள். அவர்கள் நாட்டில் அது வசந்தம் தொடங்கும் காலமாம். பிள்ளைகளைக் கொண்டு வசந்தச் சுவர் ஒன்று செய்யலாம் என்று மாதிரிப் படங்களும் அனுப்பியிருந்தார்கள். எங்கள் ஊரில் யாரும் பார்த்திராத பூக்கள், பனி உருகும் புல்வெளி, முட்டையிலிருந்து எட்டிப் பார்க்கும் கோழிக்குஞ்சு. வெளியே தார்ச் சாலை கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே காகிதம் பறக்காதிருக்க மின்விசிறிகளை நிறுத்திவிட்டு வசந்தம் செய்தோம். வெட்டுத் துணியில் பட்டாம்பூச்சி, பிள்ளைகளின் உள்ளங்கையைச் சாயத்தில் தோய்த்துப் பதித்த பூ, பல்லடத்துப் பண்ணைகளிலிருந்து முட்டை வந்த அட்டையில் ஒவ்வொரு குழியாக வெட்டி மஞ்சள் பூசிய கோழிக்குஞ்சு.

முதல் நாளே பெரிய டீச்சர் மேல்தளத்திலிருந்து அம்புச் சுருள் ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார். பிள்ளைகள் செய்தவற்றை வரிசையாக மேசையில் வைக்கச் சொன்னார். ஆடையைச் சோதிப்பது போலவே இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக அவர் கண் ஓடியது. "ஏஞ்சாமி, உன்ற கோழிக்குக் கண்ணு ஒண்ணு மேல ஒண்ணு கீழ போயிருக்குது பாரு. இதைச் செவுத்துல போட்டா பையர் பஸ்ஸு புடிச்சு ஓடீருவான்." அம்பு ஒட்டப்பட்ட கோழிகள் கழிவுத் துணி மூட்டைக்குள் போயின. மூன்று வயதுப் பிள்ளை வெட்டும் வட்டம் வட்டமாக இராது என்று நான் சொன்னேன். "அதெல்லாம் நீங்க புஸ்தகத்துல படிச்சதுங்க. ஒரு பீஸ் தப்புனா மொத்தப் பெட்டியும் திரும்பி வரும், அது நான் பட்டதுங்க" என்றார்.

பிள்ளைகள் அம்பை வெகு விரைவில் கற்றுக்கொண்டார்கள். இரண்டொரு நாளில் அவர்களுடைய விளையாட்டே 'செக்கிங்' ஆயிற்று. ஒருவன் சட்டைப் பொத்தானில் ஒட்டினான், ஒருத்தி சாப்பாட்டுத் தட்டில். எங்களிடம் நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. தாய் தெற்கத்திக்காரர், கணவன் விட்டுப்போன பிறகு இங்கே வந்து, அதே கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்தவர். குழந்தையின் இடக் கன்னத்தில் பிறவியிலேயே படர்ந்த கருநீல மறு ஒன்று உண்டு. ஒரு மாலை பிள்ளைகள் அந்தக் கன்னத்தில் சரியாக அம்பை ஒட்டினார்கள். அவளுக்கு அதன் பொருள் தெரியாது. சிவப்பாக, பளபளப்பாக ஒன்று கிடைத்த மகிழ்ச்சியில் வாசலுக்கு ஓடி, வேலை முடிந்து இறங்கிவந்த தாயிடம் முகத்தைத் தூக்கிக் காட்டினாள். நாள் முழுவதும் அந்த அம்புகளை ஒட்டிவிட்டு வந்த கைகள் அந்த முகத்தின் அருகே அப்படியே நின்றன. பெரிய டீச்சர் சிரித்தார். "ஏனுங்க, இந்தக் கறை வாஷிங்ல போகாதுங்களே!" ஆயாக்கள் சிரித்தார்கள். வாசலில் நின்ற மற்ற தாய்மார்களும் சிரித்தார்கள். கடைசியில் அந்தப் பெண்ணும் சிரித்தார். பிள்ளையை விட வேறிடம் இல்லாதவரால் சிரிக்காமல் இருக்க முடியாது என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

மறுநாள் அந்தத் தாய் என்னைத் தனியே கூப்பிட்டு முட்டை அட்டை கேட்டார். "எம்புள்ளையோட கோழி செவுத்துல இருக்கணும் டீச்சர். பையருக்குப் பூக் குடுக்கப் புள்ளைகள நிக்க வைப்பாவல்லா, அதுலயும் அவ நிக்கணும். நாஞ் செய்ய வைக்கேன்." ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மகளை உட்கார்த்திச் செய்ய வைத்திருக்கிறார். கோணினால் கிழித்துப் போட்டு, மறுபடியும். திங்களன்று குழந்தையின் விரல் நுனிகள் பசை காய்ந்து உரிந்திருந்தன. கையில் இருந்த கோழியில் கண்கள் ஒரே மட்டம்; அலகு நடுவில்; மஞ்சள் ஒரு சொட்டும் வழியவில்லை. பெரிய டீச்சர் அதைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்புச் சுருளை எடுக்கவில்லை. "இதுதான், கண்ணு, பீஸு" என்று சொல்லி, சுவரின் நட்டநடுவில் தாமே ஒட்டினார். அன்று பகல் குழந்தை தூங்காமல் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

பையர் வந்த காலையில், பூக் கொடுக்கும் வரிசையில் அவளும் நின்றாள். அம்மா வாங்கிய புதுச் சட்டை, இரட்டைச் சடை. பெரிய டீச்சர் வரிசையை இடமிருந்து வலமாகப் பார்த்து வந்து, அவள் முன் நின்றார். பிறகு என்னிடம், "இவளை மட்டும் ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. போட்டோ எடுப்பாங்க" என்றார். இது தவறு, இந்தக் குழந்தைக்கும் தாய்க்கும் செய்யும் அநியாயம் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "தீக்காயமான்னு கேட்பாங்க. கம்பெனிக்குள்ள ஆச்சான்னு கேட்பாங்க. ஆர்டர் போச்சுன்னா இத்தனை புள்ளைங்களுக்கும் ஆருங்க முட்டை போடுவாங்க? நீங்க போடுவீங்களா?" அந்தக் கணக்கை இன்றுவரை பலமுறை போட்டுப் பார்த்துவிட்டேன். பிறப்பில் வந்தது என்ற ஒரே வாக்கியத்தில் அந்தக் கேள்வி தீர்ந்திருக்கும். அந்த வாக்கியத்தைச் சொல்வதைவிடக் குழந்தையை மறைப்பது அங்கே எல்லோருக்கும் எளிதாக இருந்தது.

ஸ்டோர் ரூமில், கழிவுத் துணி மூட்டைகளுக்கு நடுவே நானும் குழந்தையும் உட்கார்ந்திருந்தோம். கதவுக்கு அப்பால் காலணிச் சத்தம், ஆங்கிலம், பிறகு ஆச்சரியக் குரல். அந்தக் கோழியை யார் செய்தது என்று கேட்டிருக்க வேண்டும். பெரிய டீச்சர் வேறு யாரோ ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்வது தெளிவாகக் கேட்டது. உடனே பலத்த கைதட்டல். குழந்தை நிமிர்ந்தாள்.

"என் கோழிக்கா, டீச்சர், கை தட்டுதாவ?"

"ஆமாம்."

அவளும் தட்டினாள். வெளியே ஓய்ந்த பிறகும், நான் கையைப் பிடிக்கும் வரை தட்டிக்கொண்டிருந்தாள்.

மாலையில் தாய் வந்தார். வரிசையில் மகள் இல்லை என்பது மேல்தளத்துக்கு முன்பே எட்டியிருந்தது. சுவரைச் சற்று நேரம் பார்த்தார். "கோழி பாஸாயிட்டுல்லா டீச்சர்" என்றார். மகளைத் தூக்கி, இடக் கன்னம் தம் தோளில் அழுந்துமாறு சாய்த்துக்கொண்டு நடந்தார். அதன் பிறகு அந்தக் குழந்தையை அவர் தூக்கிச் சென்ற போதெல்லாம் அந்தப் பக்கமாகவே தூக்கினார். அடுத்த ஆண்டு நான் வேறு வேலைக்குப் போனபோது, பெரிய டீச்சர் என் தலையில் கை வைத்து வாழ்த்தினார். அவர் கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன.

மகளின் கன்னத்திலிருந்து பிய்த்த அம்பு என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. உதறினேன், சுட்டுவிரலுக்கு மாறியது. கடைசியில் சன்னல் கம்பியில் தேய்த்து விட்டேன். பிறகு அந்தப் பனியனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, தோள் தையலைப் பார்த்தேன். ஒரு நூலும் விலகவில்லை. கறையும் இல்லை. உட்புறத்தைத் திருப்பி, இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக மறுபடி பார்த்தேன்.

"குடுங்கம்மா" என்று கையை நீட்டியபடி என் மகள் நின்றுகொண்டிருந்தாள். நான் இன்னும் தேடிக்கொண்டிருந்தேன்.