கோடு தெரியாத நோட்டு

அந்தமானில் எங்கள் மாயாபந்தர் படகு ஜெட்டியில் சிமெண்டு ஏற்றி வந்த படகு ஒன்று, கட்டின கயிற்றோடு அப்படியே தண்ணீருக்குள் உட்கார்ந்துபோனதே, அதற்கு அடுத்த மழைக்காலத்தில் நடந்தது இது. வருஷம் சொல்ல எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவன் நான். அந்த சிமெண்டு மூட்டைகள் கடலுக்கடியிலேயே கல்லாகிவிட்டன. தண்ணீர் வற்றும்போது இப்போதும் மூட்டை மூட்டையாகத் தெரியும்; சாக்குதான் மக்கிப் போய்விட்டது. அந்த ஜெட்டியில் முதுகு வளைய மூட்டை சுமந்தவன் என்பதால் எதையும் அங்கிருந்துதான் ஞாபகம் வைத்திருக்கிறேன். நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள்.

அந்த மழையில் மெயின்லேண்டிலிருந்து கப்பல் ஒழுங்காக வரவில்லை. கப்பல் வராவிட்டால் இங்கே முதலில் வெங்காயம் காணாமல் போகும், அப்புறம் முட்டை. அந்தத் தடவை நாலு கோடு நோட்டும் காணாமல் போனது. பேத்தி அப்போது இரண்டாம் வகுப்பு. சிவப்பும் நீலமுமாக நாலு கோடு அழுத்தமாக அடித்த நோட்டில்தான் அந்த வகுப்புப் பிள்ளைகள் எழுதுவார்கள். ஒற்றைக் கோடு மூன்றாம் வகுப்பில்தான். பஜாரில் பாய் கடையில் போய்க் கேட்டேன்.

"நாலு கோடு கப்பல்ல கிடக்கு பெரியவரே. கப்பல் எங்க கிடக்குன்னு என்னைக் கேக்காதீங்க. ஒத்தக் கோடு இருக்கு, தரவா? என்னைக்கு இருந்தாலும் அதுக்குத்தானே வரணும்?"

"சின்னப் புள்ள, பாய்."

"எம் பேரன் அதைவிடச் சின்னவன், சுவத்துலயே எழுதுறான். சுவத்துல என்ன கோடா போட்டிருக்கு?"

பள்ளிக்கூடத்திலும் அப்படியே முடிவு செய்துவிட்டார்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒற்றைக் கோட்டுக்கு மாறினார்கள். வந்த நோட்டும் மட்டமான நோட்டு. துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டைபோல அதில் கோடு மங்கலாக இருந்தது. மற்றப் பிள்ளைகளின் எழுத்து கொஞ்ச நாள் மேலும் கீழும் அலைந்துவிட்டு அடங்கிவிட்டது. பேத்தியின் எழுத்து அடங்கவில்லை. ஒரு வரி ஏறிப்போய் மேல் வரியில் முட்டும், அடுத்தது சரிந்து பக்கத்தின் மூலைக்குப் போய்விடும்.

வகுப்பு மேடம் கூப்பிட்டு அனுப்பினார். மருமகளும் நானும் போனோம். மேடம் வங்காளி, எங்களோடு ஹிந்தியில்தான் பேச்சு. ஏன் இப்படி எழுதுகிறாய் என்று எங்கள் முன்னாலேயே கேட்டார். பிள்ளை நோட்டைக் காட்டி, "லைன் நஹி ஹை, மேடம்" என்றது. கோடே இல்லையாம்.

மேடம் அந்தக் கோட்டின் மேலேயே விரலை ஓட்டிக் காண்பித்தார். "ஜூட் மத் போலோ" என்றார். பொய் சொல்லாதே என்று. வகுப்பே சிரித்தது. எங்களுக்கும் சிரிப்புத்தான் வந்தது.

வீட்டில் மகன் கேட்டுவிட்டு, "கோடு இல்லையாமா? ஏட்டி, அது என்ன மீனா, கையை வச்சா ஓடிப்போறதுக்கு?" என்றான்.

"சத்தியமா இல்லப்பா."

சத்தியம் வேறு செய்கிறாளா என்று முழங்கையில் ஒரு அடி வைத்தான்.

பிறகு கப்பல் வந்தது, நாலு கோடும் வந்தது. பேத்தி அதில் எழுதினாள் பாருங்கள், ஒரு எழுத்து கோட்டைத் தாண்டவில்லை. மருமகள் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். சில பிள்ளைகளுக்கு நாளாகும், வேண்டுமட்டும் நாலு கோட்டிலேயே எழுதட்டும் என்று மேடமும் நல்ல மனதோடு விட்டுவிட்டார். இரண்டாம் வகுப்பு முடிந்து மூன்று வந்தது, நான்கும் வந்தது. நோட்டு மாறவில்லை. கூடப் படிக்கிற பிள்ளைகள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். "சார் லைன்! சார் லைன்!" என்று ரோட்டில் வைத்தே கத்துவார்கள். ஹிந்தியில் சார் என்றால் நாலு; நாலு கோடு என்பது அவளுக்குப் பெயராகிவிட்டது. சாயங்காலம் விளையாடப் போவதும் நின்றது.

எந்த வயதில் நோட்டை மாற்ற வேண்டும் என்பதுதான் அப்போதெல்லாம் வீட்டில் பேச்சு.

"கல்யாணத்துக்கும் நாலு கோடு போட்டுத்தான் கையெழுத்துப் போடுவாளா?" என்பான் மகன்.

"போட்டா போட்டுட்டுப் போறா. உங்க கையெழுத்துக்கு அது தேவலை" என்பாள் மருமகள்.

அப்புறம் எனக்குக் கண்ணில் புரை விழுந்தது. போர்ட் பிளேரிலிருந்து கண் டாக்டர் வந்திருக்கிறார் என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது பேத்திதான். சுவரில் எழுத்து அட்டை தொங்கியது. எனக்குப் படிக்கத் தெரியாது என்றதும் அங்கே இருந்த நர்ஸம்மா, நம் தமிழ்ப் பிள்ளைதான், விளையாட்டாகச் சொன்னது: "அப்ப பேத்தி படிக்கட்டும், தாத்தா கேக்கட்டும். எங்க, ஒரு கண்ணை மூடிக்க."

பேத்தி வலது கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"படி."

"எதை அக்கா?"

"சுவத்துல இருக்கறதை."

"சுவருதான் இருக்கு."

நர்ஸம்மா முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. டாக்டர் என்னை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளை உட்கார வைத்துவிட்டார்.

போர்ட் பிளேருக்குப் போகச் சொன்னார்கள். அங்கே பெரிய டாக்டர் மகனிடம் தமிழிலேயே சொன்னார். "இடது கண்ணு பார்த்துப் பழகவே இல்ல. வலது கண்ணுலயும் பார்வை குறைச்சல்தான், அழுத்தமான கோட்டை வச்சுச் சமாளிச்சிருக்கா. சின்னதுலயே கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை மறைச்சு இதைப் பழக்கியிருந்தா வந்திருக்கும். இப்ப செஞ்சு பார்ப்போம். முழுசா வரும்னு நினைக்காதீங்க."

திரும்பி வரும்போது காட்டு ரோட்டில் போலீஸ் காவலோடு சேர்ந்து போவதற்காக பஸ்கள் வரிசையாகக் காத்து நின்றன. பேத்தி என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். மகன் சொன்னான்: "அவ சொன்னாளேப்பா. நோட்டைக் காட்டிச் சொன்னாளே."



நல்ல கண்ணை மறைத்துப் பார்த்தோம். படி தெரியாமல் விழுந்தாள், சோற்றுத் தட்டைத் தேடினாள். மாதக் கணக்கில் செய்தும் இடது கண் வரவில்லை. மேடம் கேள்விப்பட்டு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. வாசலிலேயே நின்று அழுதுவிட்டுப் போனார்.

இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு ஒற்றைக் கோட்டில்தான் எழுதுகிறாள். ஜெட்டியிலிருந்து படகில் கால் வைக்கும்போது தூரம் தவறுகிறது என்று மகன் அவளைப் படகுக்குக் கூட்டிப்போவதில்லை. இருக்கிற ஒரு கண்ணை நினைத்து எங்களுக்குத் தூக்கம் இல்லை. தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம். எதைக் கேட்டாலும் "தெரியுது" என்கிறாள். கண்ணை மூடிக்கொண்டும் சொல்வாள்போல. அடி வாங்கின பிறகு எங்களிடம் வேறு பதில் சொல்லிக் கேட்டதில்லை.

நோட்டை எந்த வகுப்பில் மாற்றலாம் என்று என்னிடம் கேட்டால் எனக்குத் தெரியாது. மாற்றுகிற அன்றைக்குப் பிள்ளையை ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோட்டைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் அடுத்த கண். தடுமாறினால் அடிக்காதீர்கள், பழைய நோட்டையும் திரும்பக் கொடுத்துச் சும்மா இருந்துவிடாதீர்கள். கண் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். எங்கள் தீவிலோ உங்கள் ஊரிலோ நாலு கோடு நோட்டில் எழுதுகிற பிள்ளை இருக்கிற வீடு எது தெரிந்தாலும், தயவுசெய்து இதை அங்கே போய்ச் சொல்லிவிடுங்கள்.