குழாயடியில் யார் முதல்?

எழுவைதீவின் பொதுக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. பாதையோரம் கலன்கள் வரிசையாக நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் கடைசியில் என் போத்தல். இன்னும் அரை மணித்தியாலத்தில் குழாயைப் பூட்டிவிடுவார்களாம்.

திடீரென்று எதிர்வளவுப் பனையோலை வேலி பற்றிக்கொள்கிறது. யாரோ குப்பை கொளுத்தியிருக்கிறார்கள். மிச்சத்தைக் கடற்காற்று பார்த்துக்கொண்டது. இந்தத் தீவுக்குத் தீயணைப்பு வண்டி எங்கே வரப்போகிறது!

"நிறைஞ்ச கலனெல்லாம் தூக்குங்கோ!" வரிசையில் முதலாவதாக நிற்கும் திரேசாக்கா கத்துகிறார். குடிக்கப் பிடித்த தண்ணீர் கைமாறிக் கைமாறிப் பறக்கிறது. நானும் நடுவில் நின்று வாங்கிக் கொடுக்கிறேன். ஓலை சீறுகிறது, கண் கரிக்கிறது, நெருப்பு அணைந்தே விட்டது! எனக்குத் துள்ளிக் குதிக்கலாம்போல் இருக்கிறது.

வெறுங்கலன்களோடு எல்லோரும் குழாயடிக்குத் திரும்புகிறோம்.

"அக்கா, இப்ப ஆர் முதல் பிடிக்கிறது?" என்கிறேன்.

"ஊத்தினவை முதல். கொளுத்தினவர் கடைசி."

கரி படிந்த சாரத்தை மடித்துக் கட்டியபடி ஒருவர் வந்து, என் போத்தலுக்குப் பின்னால் தன் வாளியை வைக்கிறார்.

"ஆரக்கா அவர்?"

"என்ர மனுசன்," என்றபடி திரேசாக்கா தன் கலனைக் குழாய்க்குக் கீழே வைக்கிறார்.