எப்படிப் படித்தேன் என்றால்

இன்று மாலை, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கைப்பேசிக் கடை. எனக்கு முன்னால் ஓர் அம்மாவும், பள்ளி இறுதியாண்டான ஐந்தாம் படிவம் படிக்கும் மகளும் நின்றார்கள்.

"பாஸ், இவ நம்பர மாத்திடுங்க. புது நம்பர் ஃபிரண்ட்ஸ் யாருக்கும் தெரியக் கூடாது. ஸ்கூல் கவுன்சலர் இவளுக்கு ஸ்ட்ரெஸ்னு சொல்றாங்க. எல்லாம் அதுங்களாலதான்."

"ஸ்ட்ரெஸ்னா ஃபிரண்ட்ஸ் வேணும்லா ஆன்டி," என்றார் கடைக்காரர்.

"எஸ்பிஎம் பரீட்சை முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

மகள் மெதுவாகச் சொன்னாள்: "அவங்ககிட்ட பேசினாத்தாம்மா எனக்கு அழுகை நிக்குது."

அம்மா என் பக்கம் திரும்பினார். கழுத்தில் தொங்கிய மாணவர் அட்டையைப் பார்த்திருப்பார்.

"யூனிவர்சிட்டியாம்மா? நீ எப்படிப் படிச்சேன்னு இவகிட்ட சொல்லு."

கிள்ளானில், எங்கள் பிளாட் படிக்கட்டில் தோழிகள் நால்வர் சேர்ந்து படித்தோம். ஒருத்தி அழுதால் மற்ற மூவரும் புத்தகத்தை மூடிவிடுவோம். அவர்கள் இல்லையென்றால் நான் பரீட்சைக்கே போயிருக்க மாட்டேன்.

"கஷ்டப்பட்டுப் படிச்சேன் ஆன்டி," என்றேன்.

"கேட்டியா?"

மகள் என்னை ஒரு முறை பார்த்தாள். கைப்பேசியைக் கடைக்காரரிடம் நீட்டினாள்.

அந்த வயதில் உங்களைத் தாங்கியவர்களின் பெயரைக் கீழே எழுதுங்கள். கடையில் அவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்ட நான், இங்கே எல்லாவற்றுக்கும் லைக் போடுவேன்.