செட் ஆயிடுச்சு

மணலியில் ரெசின் காய்ச்சும் சின்னத் தொழிற்சாலை ஒன்றில் சில்வியா கெமிஸ்ட். அவர் காய்ச்சும் ரெசின் சூட்டில் ஒருமுறை இறுகிவிட்டால், அவர்கள் பாஷையில் 'செட்' ஆகிவிட்டால், பிறகு உருகவே உருகாது. அச்சில் இறுகினால் லாபம். காய்ச்சும் கலனான ரியாக்டருக்குள்ளேயே இறுகித் தொலைத்தால் உளியும் சுத்தியலுமாக உள்ளே இறங்கிக் கொத்த வேண்டியதுதான். ஏற்கெனவே இரண்டு முறை கொத்தியாயிற்று. மூன்றாவதும் அப்படிப் போனால், முந்நூறு டிகிரி தாங்கும் இந்தப் புது ரெசினையே கைவிட்டுவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். சில்வியா வருடக்கணக்கில் மல்லுக்கட்டிய வேலை அது.

மூன்றாவது முறை ரியாக்டர் சூடேறிக்கொண்டிருந்த நாளில்தான் அவருடைய அண்ணன் மகனுக்குச் சர்ச்சில் புதுநன்மை விழா. "போய்ட்டு வாம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றார் ஆபரேட்டர் சௌக்கத் அலி.

ராயபுரத்தில் பூசை முடிந்து பிரியாணியில் கை வைத்ததும் போன் அடித்தது.

"சில்வியாம்மா, செட் ஆயிடுச்சு."

அதோடு லைன் கட். திரும்ப அடித்தால் பிஸி. கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஆட்டோ பிடித்தார். வழியெல்லாம் டேங்கர் லாரிகள் மறித்து நின்றன. உளிச் சத்தம் இப்போதே காதில் விழுவதுபோல இருந்தது.

ஆனால் தொழிற்சாலை கேட்டை நெருங்கியதும் காதில் விழுந்தது ரியாக்டரின் கலக்கி சுற்றும் சத்தம். உள்ளே இறுகியிருந்தால் அது சுற்றாதே.

"இன்னாம்மா, பட்டுப்பொடவையோட ஓடியாந்துகீற?"

"செட் ஆயிடுச்சுன்னீங்களே பாய்."

"ஆமா, நம்ம பொண்ணு ரூஹிக்கு. தண்டையார்பேட்டை பையன். இப்பதான் பேசி முடிச்சாங்கோ. ஊருக்கே போன் போட்டுகினு கீறேன்."

சில்வியா பக்கத்து டிரம்மின்மேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"இனிமே இந்த கேட்டுக்குள்ள அந்த வார்த்தை வரக்கூடாது பாய்."

"சரிம்மா. நிக்காஹ்வுக்காவது வருவியா?"

தேன் பதத்தில் இருக்கும்போதே ரெசினை இறக்கினார்கள். சேலை முந்தியில் ஒரு சொட்டு விழுந்து அங்கேயே தங்கிவிட்டது. பிறகு அச்சில் ஊற்றி ஒரு வில்லை செய்து, முந்நூறு டிகிரி அடுப்பில் ஒரு நாள் முழுக்க வைத்தார்கள். வெடிக்கவில்லை, வளையவில்லை. ஆறவிட்டுத் தராசில் வைத்தபோது எடையும் ஏறக்குறைய அப்படியே இருந்தது.

சௌக்கத் அலி தொண்டையைச் செருமினார். "இப்ப சொல்லலாமா அந்த வார்த்தைய?"

"சொல்லுங்க பாய்."

"செட் ஆயிடுச்சு."

ரூஹியின் நிக்காஹ்வுக்கு சில்வியா அதே சேலையில்தான் போனார், கறையை மடிப்பில் மறைத்துக்கொண்டு.

சில்வியா இறந்த பிறகு வந்த முதல் கல்லறைத் திருநாளன்று, சௌக்கத் அலியும் பூ வாங்கிக்கொண்டு கல்லறைக்கு வந்தார். திரும்பும் வழியில் சில்வியாவின் வீட்டில் டீ போட்டார்கள். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை அந்தப் பழுப்பு ரெசின் வில்லையின்மேல்தான் வைத்தார்கள்.