ஐஸ் கம்பெனியிலிருந்து ஏரிப் பக்கம் இரண்டு தெரு

நிக்கனோர் பொத்தோஸ்மே படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதி. மீதிப் படிப்பைக் கால்தான் படித்தது. கொசு ஒழிப்புப் படையில் முப்பத்தொரு வருஷம். மனாகுவாவின் கிழக்குப் பகுதியில் அவர் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்காத தண்ணீர் டிரம் ஒன்று இருக்கிறது என்று எவனாவது சொன்னால் அவன் பொய்யன். ஆராய்ச்சிக்கு வந்து டாக்டர் பட்டம் வாங்கிப் போனவர்கள் நான்கு பேர், நான்கு பேரும் அவர் பின்னால் நடந்தவர்கள்தான். இதை அவர் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

இந்த வருஷம் அந்தக் கால்தான் மக்கர் பண்ணியது. வயது அறுபத்திரண்டு. காலையில் ஷூவுக்குள் காலை நுழைக்கும்போதே அன்றைய நாள் முடிந்துவிட்டதுபோல ஒரு அசதி. வெயில் ஏற ஏற முழங்கால் தனி ஆளாக முனக ஆரம்பித்துவிடும்.

ஐந்தாவது ஆராய்ச்சிக்காரியாக வந்தவள் யெல்பா. சுகாதார நிலையத்துப் பதிவேட்டில் இருக்கும் டெங்குக்காரர்களின் முகவரியையெல்லாம் அவள் கம்ப்யூட்டர் வரைபடத்தில் புள்ளியாக வைப்பாள். புள்ளிகள் தற்செயலாகக் கூடினவையா, காரணத்தோடு கூடினவையா என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் பார்க்கும். காரணத்தோடு கூடின இடம் சிவப்பாகும். மழை இறங்குவதற்குள் டிரம்களில் போட வேண்டிய மருந்து இந்த வருஷம் நாற்பது தெருவுக்குத்தான் வந்திருந்தது. சிவப்பு எங்கேயோ, மருந்து அங்கே.

எங்கள் ஊரில் வீட்டுக்கு எண் கிடையாது. ஒரு அடையாளத்தில் ஆரம்பித்து, ஏரிப் பக்கம் இத்தனை தெரு, மேலே இத்தனை தெரு என்று சொல்வோம். மேலே என்றால் சூரியன் உதிக்கிற பக்கம். அடையாளம் இடிந்து மண்ணாய்ப் போயிருந்தாலும் எங்களுக்கு அது நிற்கிறது. கம்ப்யூட்டருக்கு அப்படி இல்லை, அடையாளம் எங்கே என்று யாராவது காட்ட வேண்டும். பிப்ரவரியில் யெல்பா ஜிபிஎஸ் கருவியை நிக்கனோர் கையில் கொடுத்து, ஒவ்வொரு அடையாளத்திலும் போய் நின்று பட்டனை அமுக்கச் சொன்னாள். அறுபது இடம். நாலே நாளில் முடித்தார்.

"சந்தேகம் வந்தா அக்கம்பக்கத்துல கேட்டுக்குங்க, தோன் நிக்கனோர்." தோன் என்றால் எங்களுக்கு ஐயா மாதிரி.

"நான் போய் யாரைக் கேக்கறது, ராணி? ஊர்ல எல்லாரும் என்னைத்தான் கேப்பாங்க." இளம்பெண்கள் எல்லாருமே அவருக்கு ராணிதான்.

வியாழக்கிழமை வரைபடம் தயாரானது. திரையில் பெரிய சிவப்பு, கல்லறைத் தோட்டத்தின் நட்டநடுவில். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"கம்ப்யூட்டருக்குத்தான் காய்ச்சல் போல. நெத்தியில ஈரத்துணி போடுங்கப்பா" என்றார் நிக்கனோர். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்ததும் அவர்தான்.

யெல்பா சிரிக்கவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டாள். "அறுபத்தெட்டுப் பேரு. கல்லறையைச் சுத்தி இருக்கற வீடுங்களா இருக்கணும். திங்கட்கிழமை மருந்து போடற தெரு லிஸ்ட்ல கையெழுத்தாகுது."

மறுநாள் நிக்கனோர் வழக்கமான சுற்றுக்குக் கால்வாய்க்கரைக் குடியிருப்புக்குப் போனார். புயலில் வீடிழந்து வந்தவர்கள் தகரமும் பலகையுமாகக் கட்டிக்கொண்ட இடம். வரைபடத்தில் அங்கே ஒரு புள்ளிகூட இல்லை. எர்லிண்டா வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"வாங்க கொசுக்காரரே. வழி தெரியாம வந்துட்டீங்களா?"

"எனக்கா வழி தெரியாது?"

"இந்த வரிசையில அஞ்சு வீட்டுல காய்ச்சல். மருந்து எப்பப் போடுவீங்க?"

"மேப்புல இங்க காய்ச்சலே இல்லையேம்மா."

"அப்ப உங்க மேப்பை வந்து எங்க வீட்டுக்காரரு நெத்தியத் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க."

"சுகாதார நிலையத்துல முகவரி கொடுத்தீங்களா?"

"கொடுக்காம? ஐஸ் கம்பெனியிலேருந்து ஏரிப் பக்கம் ரெண்டு தெரு, மேலே ஒண்ணு. எல்லாரும் அதைத்தான் சொல்றோம்."

நிக்கனோர் மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். ஐஸ் கம்பெனி, ஏரிப் பக்கம் ரெண்டு, மேலே ஒண்ணு. கல்லறைத் தோட்டம். தலையைத் தூக்கினார். இரண்டு தெரு தள்ளி, கூரைகளுக்கு மேலே ஒரு தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. புது ஐஸ் கம்பெனி. பழையது எரிந்தபிறகு ஏழு தெரு ஏரிப் பக்கமாகத் தள்ளிக் கட்டியது. கட்டி இருபத்தைந்து வருஷம் ஆகியும் அவருக்கு அது புதுசு. பட்டனை அவர் அமுக்கியது எரிந்த இடத்தில். அவரைப் பொறுத்தவரை ஐஸ் கம்பெனி என்றால் அதுதான். இந்த ஜனங்களோ அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

கவிழ்த்திருந்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டார். எர்லிண்டா ஒரு குவளை பினோல் கரைத்துக் கொடுத்தாள். மக்காச்சோள மாவு தொண்டையில் திப்பிதிப்பியாக இறங்கியது. வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் பழி கம்ப்யூட்டர்மேல் போய்விடும், முப்பத்தொரு வருஷப் பெயர் முழுசாக நிற்கும். உள்ளே கட்டிலில் அவள் புருஷன் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் யெல்பாவின் மேஜைக்கு எதிரே போய் நின்றார்.

"புள்ளி சரியாத்தான் வெச்சேன், ராணி. ஆனா அது என்னோட ஐஸ் கம்பெனி. கால்வாய்க்கரையாளுங்களோடது வேற. கேட்டிருக்கணும். கேக்கல."

யெல்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "புள்ளியை நகர்த்திடட்டுமா?"

"நகர்த்தினா பழைய ஆளுங்க வீடெல்லாம் ஏழு தெரு தள்ளிப் போயிடும். அவங்க என்னை மாதிரி. வீடு வீடாக் கேட்டாத்தான் தெரியும்."

"அறுபத்தெட்டு வீடு. ரெண்டு நாளு. யாரு போறது?"

நிக்கனோர் பட்டியல் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை நடந்தார், ஞாயிற்றுக்கிழமையும் நடந்தார். வாசலுக்கு வாசல் ஒரே கேள்வி: "எந்த ஐஸ் கம்பெனியச் சொன்னீங்க?" சிலர் கைநீட்டிக் காட்டினார்கள். சிலர் காது கேட்காதவரிடம் பேசுகிறமாதிரி இரண்டு தரம் சொன்னார்கள். பிற்பகலில் முழங்கால் மடங்க மறுத்தது, விறைத்த காலையே இழுத்துக்கொண்டு போனார். கடைசி வீடு பழைய கம்பெனியில் ஐஸ் வெட்டின கிழவருடையது.

"எந்தக் கம்பெனியா? ஊருக்கே ஒண்ணுதானே. உனக்கே தெரியாதா, நிக்கனோர்?"

"தெரியாது. நீங்களே சொல்லுங்க."

கிழவர் சொன்னார். நிக்கனோர் எழுதிக்கொண்டார்.

ஐம்பத்தொரு வீடு கால்வாய்க்கரை. திங்கட்கிழமை சிவப்பு அங்கே போய் விழுந்தது, லிஸ்ட்டும் அதன் பின்னாலேயே போனது. செவ்வாய்க்கிழமை மருந்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நிக்கனோர் அதே சந்துக்குள் நுழைந்தார்.

"என்ன, மேப்பு வந்துடுச்சா?" என்றாள் எர்லிண்டா.

"வந்துடுச்சு. நடந்தே வந்துச்சு. அதுக்கும் முழங்கால் வலியாம்."

அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிக்கத் தெம்பில்லை. குனிய முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு, "மூடியைக் கொஞ்சம் தூக்கும்மா" என்றார்.