அப்பா என்னைச் சொல்லவிடாத நோய்

அப்பாவின் முதலாண்டு நினைவுக்காக கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்தும், போர்ட் பிளேரிலிருந்தும் இந்த ரங்கத் வரை வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே! அப்பா இருந்திருந்தால், "மொதல்ல சாப்பிடுங்க, அப்புறம் பேசலாம்" என்று உங்களைப் பந்தியில் உட்கார வைத்திருப்பார். அவர் குரல் இல்லாத வீட்டில் இன்று நான்தான் உங்களை வரவேற்கிறேன். இன்றும் படகுத்துறையில் படகு வந்தால் இறங்குகிறவர்களில் அப்பாவைத் தேடுகிறேன்.

இராமநாதபுரம் பக்கத்துச் சிற்றூரில் பிறந்த அப்பா 1950களில் கப்பலேறி இந்த அந்தமானுக்கு வந்தார். சாலை வேலையில் கல் உடைத்தார். பிறகு ரங்கத் பஜாரில் மளிகைக் கடை வைத்தார். கப்பல் தாமதித்துச் சரக்கு குறைந்தால், கைக்குழந்தை உள்ள வீட்டுக்குத்தான் முதலில் பால்பவுடர். அது வங்காளி வீடா, தெலுங்கர் வீடா என்று பார்க்க மாட்டார்.

அவருடைய இந்தி கடையோடு சரி. ஆஸ்பத்திரிக்குப் போனால் பள்ளியில் இந்தி படித்த நான்தான் டாக்டரிடம் பேச வேண்டும். "யாவாரத்துக்கு என் இந்தி போதும். ஒடம்புக்கு உன் இந்திதான் வேணும் தாயி" என்று கேலி செய்வார். பஜாரில் பாதித் தமிழ் வீடுகளில் இதுதான் வழக்கம். அதிலேதான் தப்பு நடந்தது.

டாக்டர் என்ன தொந்தரவு என்று கேட்பார். "இடுப்பு வலின்னு சொல்லு" என்பார் அப்பா.

"வேற ஏதாச்சும் இருக்காப்பா?"

"வேற ஒண்ணுமில்ல. நீ சொல்லு."

வலி மாத்திரையோடு திரும்புவோம். இப்படியே பல மாதங்கள் போயின. சிறுநீர் அடைத்து அடைத்துப் போனதையும் அதில் ரத்தம் கலந்ததையும் அம்மாவிடம்கூட அவர் மூச்சு விடவில்லை.

வலி முற்றிப் படகில் போர்ட் பிளேர் கொண்டுபோனோம். அங்கே மதுரைக்காரக் கம்பவுண்டர் ஒருவர், "நீ கொஞ்சம் வெளிய இரும்மா" என்றார். ஐந்தே நிமிஷத்தில் அப்பா எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டார். சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கும் பிராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய், எலும்புக்கும் பரவிவிட்டது என்று சோதனைகளைப் பார்த்துச் சொன்னார் டாக்டர்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"பொம்பளப் புள்ளகிட்ட எப்படித் தாயி சொல்றது?"

கடைசி இரண்டு மாதம் சிறுநீர் போக மாட்டியிருந்த குழாயைப் பார்த்துக்கொண்டதும் படுக்கைப் பாத்திரம் எடுத்ததும் நான்தான். முதல் நாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "இவ்வளவுதானேப்பா" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அந்தக் கம்பவுண்டர் அண்ணனுக்கும், அப்பாவைக் கட்டிலோடு தூக்கிப் படகேற்றிய பஜார் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றி சொல்லும்.

சித்தப்பாமார்களே, மாமாமார்களே, உங்களுக்குச் சிறுநீர் போவதில் சிரமமிருந்தால் மறைக்காதீர்கள். அது அந்தச் சுரப்பியின் சாதாரண வீக்கமாகவும் இருக்கலாம். டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். மகளிடம் கூச்சமென்றால் ஆண் துணையோடு போங்கள். யாருமில்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள். அப்பாவுக்காகச் சொல்ல எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. உங்களுக்காக டாக்டரிடம் ஒரு வார்த்தை விடாமல் சொல்கிறேன்.