எண் குறையாத கல்யாணம்

ஸ்டுடியோவில் படங்களைத் திருத்தும் எடிட்டருக்கு மற்றவர்கள் வைத்த பெயர் சிடுமூஞ்சி. காலையில் கம்ப்யூட்டரைப் போடும்போதே முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். பெண்டாட்டியோடு சண்டை போட்டு வீட்டை விட்டு வந்தவர், அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மகளைப் படிக்கவைத்து ஆளாக்கியது மச்சான்தான், பெண்டாட்டியின் அண்ணன். அதற்கு நன்றியாக மனுஷன் கொடுத்ததெல்லாம் வசவு.

தொழிலில் மட்டும் புலி. ஒவ்வொரு படத்துக்கும் கேமரா போட்ட எண்ணை அப்படியே விட்டால், நடுவில் விட்டுப்போன எண்களைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் படமெல்லாம் எங்க?" என்று வாடிக்கையாளர்கள் உயிரை எடுப்பார்கள். அதனால் தேறாத படங்களைக் கழித்துவிட்டு, எக்ஸ்போர்ட் செய்யும்போதே 'கல்யாணம்-1', 'கல்யாணம்-2' என்று புதுப்பெயர் கொடுத்துவிடுவார். எங்கே எது போனது என்று ஒரு பயலுக்கும் தெரியாது.

அன்று மாப்பிள்ளை வீட்டார் ஏற்பாட்டில் எடுத்த ஒரு கல்யாணத்தின் ரா ஃபைல்களை, கேமராவிலிருந்து வந்த மூலப் படங்களை, திறந்தார். மணப்பெண் அவருடைய மகள். பெற்றவருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. தகப்பன் நிற்கவேண்டிய இடத்தில், பல்லெல்லாம் தெரிய, மச்சான்!

வயிறு எரிந்தது. மச்சான் இருந்த படம் ஒன்றுவிடாமல் கழித்தார். மிச்சத்துக்கு வரிசையாக எண் போட்டு எக்ஸ்போர்ட் செய்தார். மூல ஃபைல்களையும் விடவில்லை. அழிக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அதையும் திட்டிவிட்டுத்தான் பட்டனை அழுத்தினார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? படங்களைப் பார்த்த மகள் நேரே ஸ்டுடியோவுக்கு வந்தாள். எடிட்டர் நாற்காலியில் அப்பாவைக் கண்டதும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"மாமா படம் ஒண்ணுகூட இல்லியே?"

"வெளிச்சம் சரியில்ல."

"அவர் மேல மட்டுமா? நம்பரெல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆளைத்தான் காணோம். ரா ஃபைலைக் குடுங்க."

"அழிச்சாச்சு. பெத்த அப்பனைக் கூப்பிடாம உனக்குக் கல்யாணம் பண்ணி வெச்சிருக்கா உங்கம்மா. எவ்வளவு திமிர்!"

"அம்மா கூப்பிடத்தான் சொன்னாங்க. மாமா உங்களுக்குக் குடுக்கப் பத்திரிகையை எடுத்துட்டுக் கிளம்பிட்டார். வாசல்ல மறிச்சு, வேணாம்னு சொன்னது நான்."

எடிட்டர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்களைக் கூப்பிடாம தப்புப் பண்ணிட்டோமேன்னு அன்னிலேர்ந்து மனசு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு," என்றாள் மகள். "இப்பதான்ப்பா நிம்மதி."